காய்க் களத்தில் மூன்றாம் வகுப்பு

எங்கள் தெருமுனையில் பள்ளி வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கும். மகளைப் பள்ளியை விட்டு நிறுத்திய பிறகும், பழக்கத்தில் அந்த வேன் சில நாள் நின்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் போனது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் இட்லியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொள்வேன். வேன் கிளம்பி, சத்தம் பைபாஸ் பக்கம் தேய்ந்து மறைகிறவரை எங்கள் இருவருக்கும் இட்லி இறங்காது. டிரைவர் இறங்கி வந்து கதவைத் தட்டினால் என்ன சொல்வது என்று தினமும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருப்பேன். அவர் ஒரு நாளும் வரவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமையிலிருந்து வேன் நிற்காமலே போனது. அப்போது இன்னும் பயமாக இருந்தது. எங்கள் பிள்ளையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

இரண்டாம் வகுப்பு முடியும்வரை அவளிடம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். வடை மடித்து வந்த தாளைக்கூட எண்ணெய்க் கறைக்கு நடுவில் விடாமல் வாசிப்பவள். ஆனால் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்க, நடுவில் தனியாக நின்றதும் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு நாள் நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துபோனது. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் அதட்டி அடக்கினாராம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதன் பிறகு காலையில் சீருடையைப் பார்த்தாலே வாந்தி எடுத்தாள். தேனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை, இது பயம் என்றார். கொஞ்ச காலம் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுங்கள், இப்போது அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பின்னால் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சொல்லிக்கொடுப்பது யார் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என் மனைவி நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். எனக்கு ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டி ஒரு சின்னத் தேங்காய்க் களம் இருக்கிறது. தோப்புகளில் காய் வாங்கி, உரித்து, லாரிக்கு ஏற்றி விடுவது என் தொழில். பகலெல்லாம் ஊரில் இருப்பவன் நான்தான். அதனால் மகளுக்கு வாத்தியார் ஆனவனும் நான்தான். பத்தாம் வகுப்பு பாஸ். அதற்கு மேல் படிக்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் 'இறங்கணும்' என்று குரல் கொடுக்க எனக்கு வராது. வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்கிவிடுவேன். இறங்கவில்லை என்றால் அடுத்த ஊர் வரை போய் நடந்து திரும்பியிருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் ஒரு வார்த்தையும் பேசாததால், மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுத்தார்கள். இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மகளுக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

முதல் நாள் அவள் தானாகவே சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். படிப்பு என்று சொன்னேன் அல்லவா, அதனால். ஆனால் முகம் வெளுத்திருந்தது. போய் வீட்டுப் பாவாடை மாற்றிக்கொண்டு வா என்றேன். பிரிட்ஜ் மேல் ஒரு தாளில் தமிழ், கணக்கு, இங்கிலீஷ் என்று நேரம் போட்டு ஒட்டியிருந்தேன். வாசல் கதவைத் தாழ் போட்டேன். பள்ளி நேரத்தில் வீட்டுக்குள் பிள்ளை சத்தம் கேட்டால் எதிர்வீட்டார் விசாரிப்பார்கள். அதற்காக நான் மெதுவாகப் பேசினேன். நான் மெதுவாகப் பேசியதால் அவளும் மெதுவாகப் பேசினாள். பிறர் வீட்டில் திருடப் புகுந்தவர்களைப்போல நாங்கள் இருவரும் குசுகுசுவென்று பாடம் படித்தோம்.

தமிழில் எனக்குப் பயம் இல்லை. கணக்கில் வகுத்தல் வந்ததும் வியர்த்தது. மீதி எதற்கு வருகிறது என்று அவள் கேட்டாள். வரும், அப்படித்தான் வரும் என்றேன். இங்கிலீஷில் ஒரு சொல்லை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செல்போனைக் காதில் வைத்து இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு அவளுக்குச் சொல்வேன். ஒரு நாள் கேட்காமலே சொல்லிக்கொடுத்த சொல் தவறு என்று மறுநாள் தெரிந்தது. அவள் அதற்குள் அதை மனப்பாடம் செய்திருந்தாள். திருத்தினேன். ஆனாலும் அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருந்தது. தேங்காயில் அழுகல் என்றால் ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். பிள்ளையின் தலைக்குள் நான் தவறாகப் போட்டது எத்தனை இருக்கிறது என்று யார் ஆட்டிப் பார்ப்பது?

சின்னமனூரிலிருந்து என் அக்கா வந்தாள். கதவு தாழ் போட்டிருந்ததால் ஓங்கித் தட்டினாள். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். போகச் சொல்லி நான் சொல்லவில்லை.

"ஏலே, பட்டப்பகல்ல எதுக்குலே கதவச் சாத்திருக்க?"

"காத்து அடிக்குது."

"காத்து எனக்கு மட்டும் அடிக்கலயா? புள்ளைய எங்க?"

"உள்ள படிக்குது."

"நீ சொல்லிக் குடுக்கிறியாக்கும். நீ பத்தாவது பாஸானதே நம்ம ஐயா வீரபாண்டி மாரியாத்தாளுக்குத் தீச்சட்டி நேந்ததாலதான். அவுக இருந்தாகன்னா இப்பிடி விட்டிருப்பாகளா?"

கொண்டுவந்த முறுக்குப் பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். அன்று ஏறவில்லை.

"ஒன்னய அனுப்பத்தான செஞ்சாக. பத்து வருசம் நாலு பிள்ளைகளோட ஒக்காந்து எந்திரிச்சுமே இப்பிடி இருக்க. இது அதுவும் இல்லாம வீட்டுக்குள்ளயே கெடந்தா என்னாகும்? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற புள்ள. ஒன்னய மாதிரி இன்னொண்ணு இந்த வீட்ல வேணாம்லே."

அடுப்படியில் மகள் அசையாமல் நிற்பது கதவிடுக்கில் தெரிந்தது. அக்கா சொன்னது எனக்குப் புதிதல்ல. டாக்டர் பயம் என்று சொன்ன அன்றிலிருந்து என் மனதில் இருந்ததை அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். பள்ளியில் அவளுக்குப் பேச்சு போனது. என்னிடம் இருந்தால் வரவே வராமல் போய்விடுமோ?

ஐப்பசி மழைக்கு முன்னால் காய் வரத்து கூடியது. மனைவி மில்லுக்குப் போய்விட்டால் மகளை வீட்டில் தனியாக விட முடியாது. மொபெட்டில் முன்னால் நிறுத்திக் களத்துக்குக் கூட்டிப்போனேன். அதிகாலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போன ஜீப்புகள் மலையேறி முடித்திருக்கும். ரோட்டில் எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் 'இந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை' என்று கேட்டுக்கொண்டு போவதுபோல் இருக்கும். அவள் முகத்தில் காற்று படாமல் இருக்கட்டும் என்று ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன். காற்றுக்காக மட்டும் இல்லை.

களத்தில் காய் உரிப்பவர் ஒருவர் இருந்தார். என்னைவிட இளையவர். கம்பியில் காயைக் குத்தி மூன்று திருப்பில் மட்டையைக் கழற்றிவிடுவார். அந்த நேரத்தில் வாயும் சும்மா இருக்காது. மகளைப் பார்த்ததும், "வா ஆத்தா, இன்னைக்கிருந்து நீதான் மேனேஜர்" என்றார். அவள் என் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். சாக்கு விரித்து, கீற்றுக் கொட்டகைக்குள் அவளை உட்காரவைத்து, பக்கத்தைக் காட்டி எழுதச் சொல்லிவிட்டு நான் எண்ணப் போனேன்.

காய் எண்ணுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குவியலுக்கு முன் குனிந்து கைக்கு இரண்டாக நான்கு காயை எடுத்து மறுபக்கம் வீச வேண்டும். அது ஒரு வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் எண் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வீச்சு போனால் நூறு. வாங்க வந்தவர் காதிலும் ஏற்றுகிறவர் காதிலும் விழ வேண்டும் என்பதால் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் வீச்சுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டோம். 'லாபம்' என்போம். எல்லாக் களத்திலும் அதுதான் வழக்கம். லாபம், ரெண்டு, மூணு என்று இழுத்து, பாட்டுமாதிரி போகும். நான் சத்தமாகக் குரல் கொடுப்பது உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான். அங்கே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, காயைத்தான் பார்ப்பார்கள்.

மகள் என் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. பென்சிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் பார்த்தாள். பிறகு ஒரு நாள் நான் லாபம் என்று இழுத்தபோது கொட்டகைக்குள்ளிருந்து இன்னொரு குரல் என்னோடு சேர்ந்து வந்தது. திரும்பினால் நிறுத்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும். திரும்பாமல் எண்ணிக்கொண்டே போனேன். உரிப்பவரும் வாய் திறக்கவில்லை. அவரை நான் மறக்கவே மாட்டேன் என்றால் அந்த ஒரு காரணம் போதும்.

அதன் பிறகு கணக்கு எங்களுக்கு எளிதானது. நாலாம் வாய்ப்பாடு வீச்சிலேயே வந்துவிட்டது. நான்கு நான்காக எடுக்கும்போது கடைசியில் கிடக்கும் ஒற்றைக் காய்தான் மீதி என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். லாரி மேல் எழுதியதை வாசித்தாள். கேரளத்திலிருந்து வந்த ஒரு டிரைவர் தன் வண்டியின் மலையாள எழுத்தைக் காட்டி, "மோளே, இது வாயிக்கான் பற்றுமோ?" என்று கேட்டார். வாசிக்கத் தெரியாது என்று தலையாட்டினாள். அவருக்கே நேராகத் தலையாட்டினாள். நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை மூன்று தடவை சொன்னேன்.

பயம் போகவில்லை. களத்துக்குள் வருகிற ஒவ்வொரு ஸ்கூட்டரையும் பார்த்துப் பயந்தேன். பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஊர் ஊராக வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்கள் வீட்டுக்கு வருவார்கள், கதவு பூட்டியிருக்கும், போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவர்கள் களத்துக்கே வந்தார்கள். ஒரு சாரும் ஒரு டீச்சரும். எதிர்வீட்டில் கேட்டு வந்ததாகச் சொன்னார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். மகள் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள். பாவாடையெல்லாம் நார், கையில் மட்டைக் கறை.

"பாப்பா, பேரு என்ன?" என்றார் டீச்சர்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன்.

"பிள்ள பள்ளிக்கூடம் போகுதா, போகலயா?" சார் என்னைக் கேட்டார்.

உரிப்பவர்தான் கம்பியை விட்டு எழுந்து வந்தார். "வீட்லயே படிக்குது சார். அண்ணன்தான் வாத்தியாரு."

"இது வீடா?"

"வீட்ல கரும்பலகைக்கு எடம் பத்தல சார், அதான் இங்கன."

சாருக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சர் குனிந்து மகளிடம், "எண்ணத் தெரியுமா? எங்க, எண்ணிக் காட்டு பாப்போம்" என்றார்.

மகள் கைக் கறையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு குவியல் பக்கம் திரும்பினாள். அவளால் கைக்கு ஒரு காய்தான் பிடிக்க முடியும். இரண்டு காயை எடுத்து வீசி, "லாபம்" என்றாள். என் இழுப்பு அப்படியே இருந்தது. ரெண்டு, மூணு, நாலு. யாரும் நிறுத்தவில்லை. அந்நியர் முன்னால் என் மகள் குரல் திறந்து எண்ணுகிறாள். எனக்குக் கண் கலங்கியது. பார்த்தீர்களா என்பதுபோல நான் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன நாளா காய் எண்ணுற வேல பாக்குது?" என்றார் சார்.

மகள் கையில் இருந்த காயைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைய வேலைக்கு வச்சிருக்கீங்கன்னு நான் எழுதணும். தெரியுதா ஒங்களுக்கு? எழுதிட்டா தொழிலாளர் ஆபீஸ்ல இருந்து ஆளு வருவாங்க. பிள்ளையக் கூட்டிட்டுப் போயி விசாரிப்பாங்க. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

கூட்டிக்கொண்டு போவார்கள் என்றதை மகள் கேட்டுவிட்டாள். என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியில் கழுத்துப் பட்டன் என் தொண்டையை நெரித்தது. நான் பேசாவிட்டால் அவர் எழுதிவிடுவார். என்ன பேசுவது என்று யோசிக்க நேரமும் இல்லை.

"சார், அது வேல இல்ல" என்றேன். "எண்ணும்போது மட்டுந்தான் அதுக்குப் பேச்சு வருது."

பிறகு சொல்லிக்கொண்டே போனேன். வாசிக்க நின்றது, பாவாடை நனைந்தது, வாந்தி, தேனி டாக்டர், கதவைச் சாத்திப் படித்தது. மகளுக்கு எதிரில் பாவாடை நனைந்ததைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பாதியில் தோன்றியது. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்ற பயத்தில் நிறுத்தவில்லை. ஒருவழியாக முடித்தேன். உரிப்பவர் என்னையே பார்த்தார்.

"சார், நான் இவுககிட்ட வேலைக்குச் சேந்ததில இருந்து இவுக பேசுனதயெல்லாம் சேத்தாலும் இம்புட்டு வராது" என்றார்.

டீச்சர் சாரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து, அடுத்த வாரம் பிள்ளையைத் தங்கள் பள்ளிக்குக் கூட்டிவரச் சொன்னார். அங்கே தலைமையாசிரியை இருப்பார், பிள்ளையைச் சோதித்துப் பார்த்து அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுதிக்கொள்கிறோம் என்றார்.

"என்ன கேப்பாங்க மேடம்?"

"வாசிக்கச் சொல்லுவாங்க. சத்தமா வாசிச்சாப் போதும்."

அந்த வாரம் நான் செய்ததை என்ன சொல்வது? களத்துக்குப் போவதை நிறுத்தி, மறுபடி கதவைத் தாழ் போட்டேன். காலையிலும் மாலையிலும் வாசி, வாசி என்றேன். எண்ணச் சொன்னேன். லாபம் என்று ஆரம்பித்தாள். ஒன்று என்று சொல் என்றேன். மறுபடியும் லாபம். ஒன்று, ஒன்று என்று மேசையைத் தட்டினேன். அவள் மேல் நான் கை வைத்ததில்லை. மேசையைத் தட்டியதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"அப்பா, லாபம்னு சொன்னதாலதான் என்னயக் கூட்டிட்டுப் போவாகளா?"

இல்லை என்றேன். அதை உறுதியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் எண்ணவே இல்லை. வாசிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசைந்தது. சரக்கு தேங்கிவிட்டதால் ஒரு நாள் களத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவளும் வந்தாள். சாக்கில் உட்கார்ந்து வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தனியாக எண்ணினேன்.

"என்னண்ணே, ரேடியோவ அமத்திட்டீகளா?" என்றார் உரிப்பவர்.

இரவு சாப்பாட்டில் மனைவி அவளுக்கு ஊட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "இவ ஏன் திருப்பியும் வாயடச்சுப் போயிட்டா?"

நான் மேசையைத் தட்டியதைச் சொன்னேன்.

"பயத்த நீங்களே செமங்க. அத எறக்கி வைக்க அவ தலைய ஏன் கேக்குறீக?"

"நீ வர்றியா அன்னைக்கு? நீ பேசுனா சரியா இருக்கும்."

"லீவு கேட்டேன், இல்லைன்னுட்டாக. கேட்டுட்டுத்தான் வந்தேன்." அடுத்த வாயை ஊட்டிவிட்டுச் சொன்னாள், "போய்ட்டு வாங்க. என்னா வருதோ வரட்டும். மேசையத் தட்டாதீக."

வரச் சொன்ன நாளில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மலை தெரியவில்லை. மொபெட்டில் போகும்போது அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பள்ளி கேட்டுக்குள் நுழைந்ததும் வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் சேர்ந்து ஒப்பிக்கும் சத்தம் வந்தது. அவள் நின்றுவிட்டாள். வாந்தி எடுக்கப்போகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தேன். எடுக்கவில்லை. விழுங்கிக்கொண்டாள். அது எனக்கு வாந்தியைவிடக் கஷ்டமாக இருந்தது. நானும் அப்படித்தான் விழுங்குவேன்.

தலைமையாசிரியை ஒல்லியாக, கண்ணாடி போட்டவர். மேசையில் மூன்றாம் வகுப்புப் புத்தகம் இருந்தது. அன்று வந்த சாரும் ஒரு நாற்காலியில் இருந்தார். தலைமையாசிரியை மகளை அருகே கூப்பிட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார்.

"எந்தப் பக்கம் வேணாலும் வாசி தாயி."

மகள் புத்தகத்தைப் பார்த்தாள். பாவாடையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். மின்விசிறி கடகடத்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காலடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஈரம் தெரிகிறதா என்று. சார் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். ஒரு பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

தலைமையாசிரியை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கூடச் சேந்து வாசிங்க. அதுக்குத் துணையா."

பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பிறர் கேட்க எதையும் வாசித்ததில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட மனதுக்குள் வாசிப்பவன். நான் போய் மகள் பக்கத்தில் குனிந்து நின்றேன். மேசை உயரம் எனக்குப் பாதி, அவளுக்கு நெஞ்சளவு. குளத்தில் தண்ணீர் வற்றியதால் பறவைகள் எங்கே போவது என்று பேசிக்கொள்ளும் ஒரு பாடம். வாசித்தேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கொக்கு ஏதோ கேட்டது, உடனே மழை வந்துவிட்டது. எங்கேயோ தவறிவிட்டது என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. காது சுட்டது. எல்லோரும் என்னைப் பார்ப்பதாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் சிரித்தது மாதிரியே இருந்தது.

ஒரு சின்ன விரல் பக்கத்தின் நடுவில் வந்து அழுத்தியது. நகத்தில் இன்னும் மட்டைக் கறை இருந்தது.

"அப்பா, ஒரு வரி விட்டுப்போச்சு."

அந்த வரியை அவளே வாசித்தாள். எனக்காக வாசித்தாள், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்காக அல்ல. அதனால் குரல் என் காது அளவுக்குத்தான் இருந்தது. அடுத்த வரிக்கு விரல் நகர்ந்தது. அதையும் வாசித்தாள். தலைமையாசிரியை முன்னால் சாய்ந்து கேட்டார். மேலும் ஒரு வரி. பிறகு தலையைத் தூக்கி, எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். அதோடு நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் பிறகு வரவில்லை.

தலைமையாசிரியை பாராட்டவில்லை. சாரிடம், "வாசிப்பு வயசுக்குச் சரியா இருக்கு. வேலைக்கு விட்ட பிள்ள இல்ல இது. வீட்ல படிக்குதுன்னே எழுதிக்கங்க" என்றார். பிறகு என்னிடம் சொன்னார், "சத்தம் வரல. அத நான் மறைக்க முடியாது. இப்போதைக்கு நான் எழுதுறது செல்லும். மேல இருக்கவுக நாளைக்கு வேற மாதிரி கேட்டா எனக்குத் தெரியாது. அரையாண்டு முடிஞ்சு திருப்பிக் கூட்டிட்டு வாங்க. அன்னைக்கு ஒரு நாள் பிள்ளைகளோட ஒக்காரட்டும். பாப்போம்."

சரி என்றேன். ஒரு நாள் பிள்ளைகளோடு என்றதை மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அரையாண்டு வரை இனி ஒவ்வொரு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று அந்த அறையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மகளுக்கும் தெரிந்திருக்கும். என் கையை வந்து பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் வெளியே வரவும் இடைவேளை மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வராந்தா முழுக்கப் பிள்ளைகள். ஓடுகிறவர்களும் இடிக்கிறவர்களும் தண்ணீர்க் குழாய்க்கு முந்துகிறவர்களுமாக ஒரே கூச்சல். நாங்கள் இருவரும் ஒரே மாதிரி சுவரோடு ஒட்டி நின்றோம். கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்தோம். சடையில் ரிப்பன் அவிழ்ந்த ஒரு சிறுமி ஓடி வந்தவள், எங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்து மகளின் முன்னால் நின்றாள்.

"நீ எந்த ஊரு? எத்தனாவது?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வழக்கமாக அந்த இடத்தில் நான்தான் சொல்வேன். தட்டுத்தடுமாறியாவது நான் சொல்லி முடித்து, அவளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் பேசாமல் நின்றால் இந்தப் பிள்ளை கூட்டத்தைக் கூப்பிட்டுச் சொல்லும், அவர்கள் சிரிப்பார்கள், மறுபடி முதலிலிருந்து வாந்தி தொடங்கும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டே நின்றேன். மகள் காத்திருந்தாள். நான் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் முகத்தை என் பக்கமிருந்து திருப்பினாள்.

குழாயடியில் அப்போது ஒரே இரைச்சல். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்தேன். ரிப்பன் அவிழ்ந்த சிறுமி காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து, "என்னது?" என்று கேட்டாள்.

மகள் மறுபடியும் சொன்னாள்.